சைக்கிளை முந்தும்போது பொறுப்பு யாருடையது?

காரோ பைக்கோ ஒரு சைக்கிளைத் தட்டிவிட்ட இடத்தில் கூட்டம் கூடியதும் இரண்டு பேச்சுகள் கேட்கும். வண்டி ஓட்டியவர், "ஹாரன் அடிச்சிக்கிட்டேதான் வந்தேன். திடீர்னு குறுக்கே வந்துட்டான்" என்பார். சைக்கிளில் வந்தவருக்குப் பேச முடிந்தால், "நான் ஓரமாத்தான் போய்க்கிட்டு இருந்தேன். பின்னாலேர்ந்து வந்து இடிச்சிட்டாரு" என்பார். கூடியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டுவார்கள்.

பல நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். சைக்கிள் ஓரமாகத்தான் வந்தது. கடைசி நொடியில் அது ஒரு முழம் வலப்பக்கம் விலகவும் செய்தது. அந்த ஒரு முழத்துக்கு இடம் விடாமல் பின்னால் வந்த வண்டி முந்தப் பார்த்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் பொறுப்பு யாருடையது என்பது விளங்கும்.

இது நம் ஒவ்வொரு வீட்டையும் தொடும் விஷயம். காலையில் மக்தபுக்கும் பிறகு பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளைகள் சைக்கிளில்தான் போகிறார்கள். அரசுப் பள்ளிகளில் பிளஸ் ஒன் சேரும் மாணவ மாணவியருக்கு அரசே விலையில்லா சைக்கிள் தருகிறது. இருட்டு விலகும் முன் ஃபஜ்ருக்கு சைக்கிள் மிதித்து வரும் பெரியவர்கள் எல்லா மஹல்லாவிலும் உண்டு. அதே வீடுகளில் பைக்கும் காரும் இருக்கின்றன. ஆக, இடிபடும் பக்கத்திலும் நாம் இருக்கிறோம், இடிக்கும் பக்கத்திலும் நாம் இருக்கிறோம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். உயிரிழந்தவர்கள் 17,884 பேர்.

சைக்கிள் ஏன் நேர்கோட்டில் போவதில்லை?

கார் நான்கு சக்கரங்களில் நிற்கிறது. சைக்கிள் ஓடினால்தான் நிற்கும். இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில் பாரை இடப்பக்கம் கொஞ்சம் திருப்பி, வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம் திருப்பி, இப்படிச் சின்னச் சின்னத் திருத்தங்களால்தான் அது விழாமல் போகிறது. ஈர மண்ணில் சைக்கிள் போன தடத்தைப் பார்த்தால் அது நெளிந்து நெளிந்து கிடப்பது தெரியும். வேகம் குறையக் குறைய நெளிவு கூடும். மேடு ஏறும்போதும், கேரியரில் மூட்டை இருக்கும்போதும், முதுகில் புத்தகப்பை தொங்கும்போதும் இன்னும் கூடும். இதை ஓட்டுபவரின் தவறு என்று சொல்ல முடியாது. அந்த வண்டியின் இயல்பே அதுதான்.

அதற்கு மேல் நம் சாலைகளின் நிலை இருக்கிறது. தார்ச்சாலை முடிந்து மண் தொடங்கும் இடத்தில் பல ஊர்களில் அரையடிக்குப் பள்ளம். ஓரத்தில் மணல் சேர்ந்து கிடக்கும். சாக்கடை மூடி உள்வாங்கியிருக்கும். நிறுத்தியிருக்கும் காரின் கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. நெல் காயப் போட்டிருப்பார்கள், நாய் படுத்திருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் சைக்கிள்காரர் வலப்பக்கம் விலகியே ஆக வேண்டும். காரில் வருபவருக்கு அந்தப் பள்ளம் தெரியாது. சைக்கிள் விலகுவது மட்டும்தான் தெரியும். அதனால் அவருக்கு அது "திடீர்" ஆகிறது. சைக்கிள்காரருக்கோ அது பத்தடிக்கு முன்பே தெரிந்த பள்ளம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. சைக்கிளில் போகும் பிள்ளை வலப்பக்கமாகத் திரும்பிப் பின்னால் பார்த்தால், தலையோடு தோளும் திரும்பும். தோளோடு கையும் திரும்பும். சைக்கிளும் வலப்பக்கம் இழுக்கும். பின்னாலிருந்து பலமாக ஹாரன் அடித்தால் பிள்ளை என்ன செய்யும்? திரும்பிப் பார்க்கும். ஒதுங்கச் சொல்லி அடித்த ஹாரனே சைக்கிளை வண்டியின் பக்கம் இழுத்துவிடுகிறது.

பெரிய வண்டிகளுக்குக் காற்றும் சேர்ந்துகொள்கிறது. வேகமாக முந்தும் பஸ் அல்லது லாரியின் முன்பாகம் தள்ளும் காற்று சைக்கிளை முதலில் ஓரத்துக்குத் தள்ளுகிறது. வண்டி கடந்து போகும்போது அதன் பக்கமாகவே இழுக்கிறது. தொடவே இல்லை, தானாக விழுந்தான் என்று ஓட்டுநர் சொல்வது இந்த வகை விபத்தில்தான். தொடாமலும் ஒருவரை விழவைக்க முடியும்.

எவ்வளவு இடம் விட வேண்டும்?

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் 2022 ஜனவரி 29 முதல் திருத்தப்பட்டது. மணிக்கு 30 மைல் வரை, அதாவது சுமார் 48 கிலோமீட்டர் வேகம் வரை போகும்போது சைக்கிளுக்குக் குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட்டே முந்த வேண்டும். வேகம் கூடினால் இன்னும் அதிகம் விட வேண்டும் என்று அது சொல்கிறது. ஜெர்மனி 2020இல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று சட்டமாக்கியது. நம் நாட்டில் இத்தனை மீட்டர் என்று ஓர் எண்ணைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்பது எல்லா நாட்டுச் சைக்கிளுக்கும் பொருந்தும். சைக்கிளின் இயல்பான நெளிவு, பள்ளத்துக்காக ஒரு விலகல், கடந்து போகும் வண்டியின் காற்று ஆகிய மூன்றுக்கும் இடம் வேண்டும்.

இந்த 1.5 மீட்டரை நம் சாலையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம். இருவழிச் சாலையின் தார் அகலம் பொதுவாக 7 மீட்டர். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் 3.5 மீட்டர், அந்தப் பக்கம் 3.5 மீட்டர். தாரின் விளிம்பிலிருந்து இரண்டு அடி தள்ளி ஒருவர் சைக்கிள் ஓட்டினால், அவருடைய ஹேண்டில் பாரின் வலது முனை விளிம்பிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டரில் இருக்கும். அதற்கு மேல் 1.5 மீட்டர் இடைவெளி. ஆக 2.5 மீட்டர். அதற்கு மேல்தான் கார் வர வேண்டும். பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து காரின் அகலம் ஏறக்குறைய 2 மீட்டர். மொத்தம் 4.5 மீட்டர். அதாவது, கார் நடுக்கோட்டைத் தாண்டி 1 மீட்டர் எதிர்ப்பக்கம் போனால்தான் சைக்கிளைப் பாதுகாப்பாக முந்த முடியும். பஸ்ஸின் அகலம் சுமார் 2.5 மீட்டர். அது 1.5 மீட்டர் எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

எதிரே வண்டி வருகிறது. ஓட்டுநர் நடுக்கோட்டைத் தாண்டவில்லை. ஆனாலும் முந்துகிறார் என்றால் என்ன ஆகும்? காருக்கும் சைக்கிளுக்கும் நடுவில் மிஞ்சுவது அரை மீட்டர். நம் அளவில் சொன்னால், ஒரு முழத்துக்குக் கொஞ்சம் மேல். பஸ்ஸுக்கு மிஞ்சுவது ஒன்றுமே இல்லை. சைக்கிளை மண்ணில் இறக்கிவிட்டுத்தான் பஸ் போக முடியும்.

இந்தக் கணக்கிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. இருவழிச் சாலையில் எதிரே வண்டி வந்தால், காரும் பஸ்ஸும் லாரியும் சைக்கிளை முந்த இடமில்லை. காத்திருக்க வேண்டும். வளைவிலும், பாலத்திலும், எதிரே வருவது தெரியாத ஏற்றத்திலும் அப்படியே.

காத்திருந்தால் எவ்வளவு நேரம் போகும்? சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் 100 மீட்டர் தூரம் மெதுவாகப் போனால் 24 நொடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 100 மீட்டரைக் கடக்க 6 நொடி. இழப்பது 18 நொடி. அதே 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சைக்கிள் விலகியதைப் பார்த்து பிரேக்கில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோகும்.

ஹாரன் அடித்தால் கடமை முடிந்ததா?

நம் ஊரில் ஹாரன் என்பது ஓர் அறிவிப்பு என்பதைத் தாண்டி ஓர் உத்தரவாகவே மாறிவிட்டது. "நான் அடிச்சிட்டேன், ஒதுங்க வேண்டியது அவன் பொறுப்பு" என்று நினைக்கிறோம். அந்தச் சைக்கிள்காரருக்குக் காது மந்தமாக இருக்கலாம். ஒதுங்க இடமில்லாமல் இருக்கலாம். சத்தத்தில் பயந்து தடுமாறும் சிறுபிள்ளையாக இருக்கலாம். ஹாரன் அடித்ததனால் சாலை ஓர் அங்குலம்கூட அகலமாவதில்லை.

முந்துவது என்பது முழுக்க முழுக்க பின்னால் வருபவரின் முடிவு. எப்போது, எங்கே, எவ்வளவு வேகத்தில், எவ்வளவு நெருங்கி என்ற நான்கையும் தீர்மானிப்பவர் அவர்தான். முன்னால் போகிறவருக்கு முதுகில் கண் கிடையாது. முடிவு யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பின் பெரும்பங்கும் அவரிடமே சேரும்.

முந்திய பிறகு வரும் ஆபத்துகள்

பக்கவாட்டில் உரசுவது மட்டுமே முந்தும் விபத்து என்று நினைக்கக் கூடாது. இன்னும் மூன்று வகைகளை வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, முந்தியவுடன் இடப்பக்கம் திரும்புவது. சைக்கிளைத் தாண்டிய கார் சட்டென்று இடப்பக்கச் சந்தில் நுழையும். பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கும். சைக்கிளுக்கு நிற்க நேரமிருக்காது. இடப்பக்கம் திரும்பப் போகிறவர் சைக்கிளை முன்னால் போகவிட்டு, பின்னால் இருந்தே திரும்புவதுதான் முறை.

இரண்டாவது, நீளமான வண்டிகள். பஸ்ஸின் முன்பக்கம் சைக்கிளைத் தாண்டியதும் ஓட்டுநர் இடப்பக்கம் ஒடிக்கிறார். அவர் பார்வையில் சைக்கிள் போய்விட்டது. ஆனால் வண்டியின் பின்பாதி இன்னும் சைக்கிளின் பக்கத்தில்தான் இருக்கிறது. பின்சக்கரம் எப்போதும் முன்சக்கரத்தைவிட உள்வாங்கித்தான் திரும்பும். சைக்கிள் முழுவதும் இடக் கண்ணாடியில் தெரிந்த பிறகே ஓரத்துக்கு வர வேண்டும்.

மூன்றாவது, எதிர்த்திசையில் வருபவர் முந்துவது. எதிரே ஒரு கார் லாரியை முந்திக்கொண்டு நம் பக்கத்துக்கு ஏறி வருகிறது. "சைக்கிள்தானே வருகிறது, இறங்கிக்கொள்வான்" என்ற கணக்கில்தான் ஏறுகிறார். எதிரே பஸ் வந்தால் அவர் முந்தியிருப்பாரா? மாட்டார். சைக்கிளில் வருபவரை அவர் ஒரு வண்டியாகவே கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் அதன் பொருள்.

பைக்கில் போகும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டி குறுகியது. எதிரே வண்டி வந்தாலும் உங்களால் இடம் விட்டு முந்த முடியும். அதனால் நெருங்கி உரசிக்கொண்டு போவதற்கு உங்களுக்குச் சாக்கே இல்லை. இடப்பக்கம் புகுந்து முந்துவதைச் சைக்கிள்காரர் எதிர்பார்க்கவே மாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், சைக்கிள் ஓட்டுபவர்கள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் ஓட்டுநர்கள் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று கடமையாக்குகின்றன. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான முறையில் ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சட்டத்துக்கு மாறாக முந்துவதும் அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் முறைக்கு 6 மாதம் முதல் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கவனக்குறைவால் உயிர் போனால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை உண்டு.

இழப்பீடு தனி வழி. குற்ற வழக்கில் ஓட்டுநர் விடுதலையானாலும்கூட, மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்க முடியும். ஏனெனில் அங்கே சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் கேட்பதில்லை; எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்க்கிறார்கள். 166ஆம் பிரிவின் கீழ் ஓட்டுநரின் தவறைக் காட்டி முழு இழப்பீடு கேட்கலாம். 164ஆம் பிரிவின் கீழ், யார் தவறு என்று நிரூபிக்காமலே, உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெற வழி உண்டு. இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால், 2022 ஏப்ரல் 1 முதல் உயிரிழப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தின் வழியாகக் கிடைக்கும். முன்பு இது 25,000, 12,500 என்று இருந்தது.

சைக்கிள்காரரும் தவறு செய்திருந்தால்? தீர்ப்பாயம் இருவரின் பங்கையும் எடைபோடும். இழப்பீடு 10 லட்சம் என்று முடிவாகி, சைக்கிள்காரரின் கவனக்குறைவு 20 சதவீதம் என்று கண்டால், 8 லட்சம் வழங்கப்படும். அவருடைய சிறு தவறு ஓட்டுநரின் பெரிய தவறை அழித்துவிடாது.

நெதர்லாந்து இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே மோட்டார் வண்டி சைக்கிளில் மோதினால், தடுக்கவே முடியாத நிகழ்வு என்று நிரூபித்தாலொழிய வண்டிக்காரர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார். சைக்கிள்காரர் பக்கம் தவறு இருந்தாலும் குறைந்தது பாதி நட்டத்தை வண்டிக்காரர் ஏற்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால், அது வேண்டுமென்றே விழுந்தது போன்ற நிலை தவிர, முழு நட்டமும் அவருடையதே. ஆபத்தைச் சாலைக்குக் கொண்டு வந்தவர் கூடுதல் பொறுப்பு சுமக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஃபிக்ஹ் நூல்கள் காட்டும் வழி

நெதர்லாந்தின் இந்த அடிப்படை மார்க்கச் சட்டம் படித்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. குதிரையிலும் ஒட்டகத்திலும் பயணம் செய்த காலத்திலேயே, வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவரை மிதித்தால் யார் ஈடு கொடுப்பது என்று இமாம்கள் விரிவாக ஆய்ந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் உதுமானிய ஆட்சியில் ஹனஃபி மத்ஹபின்படி தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டத்தொகுப்பின் 926ஆம் பிரிவு, பொதுச்சாலையில் செல்லும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனையோடு தருகிறது: தவிர்க்கக்கூடிய தீங்கைப் பிறருக்கு ஏற்படுத்தாமல் செல்ல வேண்டும். அதன் 92ஆம் பிரிவு, ஒரு சேதத்தை நேரடியாகச் செய்தவர் எண்ணமில்லாமல் செய்திருந்தாலும் ஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்பது பாவத்தின் கனத்தைக் குறைக்கலாம். ஈடு கொடுக்கும் கடமையை அது நீக்காது.

நம் காலத்து வாகனங்களைப் பற்றியும் தீர்மானம் உண்டு. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1993 ஜூனில் புரூணையில் கூடியபோது சாலை விபத்துகள் குறித்து முடிவெடுத்தது. ஷரீஅத்துக்கு முரணில்லாத போக்குவரத்து விதிகளைப் பின்பற்றுவது மார்க்கக் கடமை என்றது. ஓட்டுநர் பிறருக்கு ஏற்படுத்தும் தீங்குக்கு அவரே பொறுப்பு என்றும், தடுக்கவே முடியாத சக்தி, பாதிக்கப்பட்டவரின் செயலே முழுக் காரணமாக அமைவது, மூன்றாம் நபரின் அத்துமீறல் ஆகிய நிலைகளில்தான் அவர் விடுபடுவார் என்றும் விளக்கியது. இருவர் பக்கமும் தவறிருந்தால் அவரவர் பங்குக்கு அவரவர் பொறுப்பு.

தவறுதலாக ஓர் உயிர் போக ஒருவர் காரணமாகிவிட்டால், சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் இரண்டு கடமைகளை விதிக்கிறது. ஒன்று, குடும்பத்தாருக்குத் தியத். அவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் தவிர. மற்றொன்று கஃப்பாரா. அடிமையை விடுவிக்க வழியில்லாத இன்றைய நிலையில் அது இரண்டு மாதத் தொடர் நோன்பு. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டலாம். நோன்பை அது நோற்க முடியாது. அப்படி ஒரு நிலைக்கு ஆளானவர் நடந்ததை மறைக்காமல் ஆலிம்களிடம் சொல்லி, தம் மீது என்ன கடமை என்று கேட்டறிய வேண்டும்.

"எல்லாம் விதிப்படிதான் நடக்கும்" என்ற சொல் இந்த இடத்தில் தவறாகப் பயன்படுவதைப் பார்க்கிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கத்ரை நம்பிப் பொறுமை கொள்வது ஈமான். இடித்தவர் அதே சொல்லைச் சொல்லி நழுவுவது ஈமானில் சேராது. எல்லாமே விதிதான், யாரும் பொறுப்பில்லை என்றால் தியத்தும் கஃப்பாராவும் எதற்காக விதிக்கப்பட்டன?

சமரசம் பேசும் முன்

நம் ஊர்களில் இன்னொரு வழக்கம் உண்டு. விபத்து நடந்ததும் பெரியவர்கள் உட்கார்ந்து, கையில் ஒரு தொகையை வாங்கிக் கொடுத்து, "போலீஸ், கேஸ் எல்லாம் வேண்டாம்" என்று முடித்துவிடுவார்கள். நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் முதல் தகவல் அறிக்கை இல்லாமல் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து இழப்பீடு பெறுவது மிகக் கடினம். ஆறு மாதம் கழித்து காலில் மறுபடியும் அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் சொல்லும்போது அந்தக் குடும்பம் யாரிடம் போகும்? தீர்ப்பாயத்தில் மனு செய்ய இப்போதைய சட்டம் 6 மாதக் காலவரம்பு வைத்திருக்கிறது. அதனால் காவல் நிலையத்தில் பதிவு செய்துவிட்டுப் பிறகு பேசுங்கள். சமரசம் அடிபட்டவரின் உரிமையைக் காப்பாற்ற வேண்டும். இடித்தவர் நம் ஜமாஅத்துக்காரராகவும் விழுந்தவர் வேற்று மதத்தவராகவும் இருந்தாலும் இதே நீதிதான்.

இடித்தவர் வண்டியை நிறுத்தி, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்து, காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 134ஆம் பிரிவின் கட்டளை. பார்த்தவர்கள் உதவப் பயப்பட வேண்டியதில்லை. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது. தம் பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. 108க்கு அழையுங்கள், வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சாலையின் ஓரம், பள்ளம், பிரேக் தடம், சைக்கிள் கிடக்கும் இடம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். எவ்வளவு நெருங்கி முந்தினார் என்பதற்குப் பின்னாளில் அதுதான் சாட்சி.

சைக்கிள் ஓட்டுபவரின் கடமை

பெரும்பொறுப்பு முந்துபவருடையது என்றதால் சைக்கிளில் போகிறவருக்குக் கடமையே இல்லை என்று ஆகாது. பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டியவை இவை:

- தாரின் கடைசி விளிம்பில் ஓட்டாமல் இரண்டடி உள்ளே, ஒரே சீராக ஓட்ட வேண்டும். விளிம்பில் போனால் விலக இடப்பக்கம் இடமே இருக்காது. நெருங்கி முந்தவும் பின்னால் வருபவருக்குத் துணிச்சல் வரும்.
- வலப்பக்கம் விலகும் முன் திரும்பிப் பார்த்து, கை காட்ட வேண்டும். சைக்கிள் நெளியாமல் திரும்பிப் பார்ப்பதை வெறும் மைதானத்தில் பலமுறை பழக்க வேண்டும்.
- இரண்டு மூன்று பேர் பேசிக்கொண்டு பக்கம் பக்கமாகப் போகக் கூடாது. காதில் இயர்போன் கூடாது. எதிர்த்திசையில் ஓட்டக் கூடாது.
- நிற்கும் பஸ், லாரியின் இடப்பக்கம் புகக் கூடாது. அந்தப் பக்கம் ஓட்டுநருக்குத் தெரியாது.
- பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், இருட்டில் விளக்கு கட்டாயம். ஃபஜ்ருக்கும் இஷாவுக்கும் வருபவர்களுக்கு இது மிக அவசியம்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள் மக்தப் பிள்ளைகளின் சைக்கிள்களுக்கு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கலாம். சில ரூபாய்ச் செலவில் முடியும் வேலை. மக்தப் விடும் நேரத்தில் ஒரு பெரியவர் சாலையோரம் நிற்கலாம்.

வீட்டில் இன்னொன்றையும் கவனியுங்கள். உரிமம் பெறும் வயது வராத மகனிடம் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் வேறொருவர் பிள்ளையின் சைக்கிளை உரசினால், 199ஏ பிரிவின்படி தண்டனை தந்தைக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு: 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பையன் 25 வயது வரை உரிமம் எடுக்க முடியாது.

அடுத்த முறை உங்கள் வண்டிக்கு முன்னால் ஒரு சைக்கிள் போகும்போது இரண்டு விஷயங்களை மட்டும் பாருங்கள். எதிரே சாலை காலியாக இருக்கிறதா? சைக்கிளுக்கு ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட முடிகிறதா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் காலை எடுத்துவிட்டுப் பின்னாலேயே போங்கள். போவது பதினெட்டு நொடி. முன்னால் போவது யாரோ ஒரு தாய் வாசலில் நின்று எதிர்பார்த்திருக்கும் பிள்ளை.

சாலையில் பிறருக்குத் தீங்கு செய்யாதவர்களாகவும், தவறு நேர்ந்தால் பொறுப்பேற்பவர்களாகவும் நம்மை அல்லாஹ் ஆக்குவானாக. வீட்டை விட்டுப் போன நம் பிள்ளைகள் அனைவரையும் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.